மூன்றாவது ஊசி

அத்தியாயம் 14

"எனக்கு ஊசி போடணுங்க அக்கா. குழந்தை தள்ளிப்போடற ஊசி. மூணாவது டோஸ். இன்னைக்கே போடணும். புருஷன் கையெழுத்தெல்லாம் கேக்காதீங்க, அது தேவையே இல்லை."

மேல்வளவுத் துணைச் சுகாதார நிலையம் மொத்தமே ஒரு அறைதான். நடுவில் பச்சைத் துணியில் ஒரு திரை. இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் பேச்சை அப்படியே நிறுத்தினார்கள்.

பூங்குழலி மெதுவாகக் கேட்டிருக்கலாம். ஆனால் ஆறு வருடமாக ராணுவ போலீஸில் லாரிகளைக் கைகாட்டி நிறுத்துகிறவளுக்கு மெதுவான குரல் என்று ஒன்று மிச்சமில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா முனியாயி அவள் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "எத வேணா கேளு கண்ணு. அதை மட்டும் ஊருக்குள்ள வாயத் தொறந்து கேட்டுறாத. எதுவா இருந்தாலும் பட்டாளத்துலயே முடிச்சுக்கிட்டு வா."

இரண்டு வருடம் அப்படித்தான் முடித்துக்கொண்டு வந்தாள். இந்த முறைதான் லீவு முன்கூட்டியே கிடைத்து, மூன்றாவது ஊசியின் தேதி மலையில் இருக்கும்போது விழுந்தது. "எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொள்ளலாம், அட்டையைக் காட்டு போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அட்டைதான் இப்போது இல்லை. போன வாரம் கதையை, அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்டித் தேடியதோடு விட்டோம். லீவுச் சீட்டு இருந்தது, அடையாள அட்டை இருந்தது. ஊசி அட்டை மட்டும் போயிருந்தது. பயிற்றுநர் கோர்ஸுக்கு அவள் பெயர் வந்த சேதியைக் கணவன் ராஜதுரையிடம் சொன்ன மறுநாள் அது.

நர்ஸ் சுமதி எழுந்து வந்து பூங்குழலியின் கையைப் பிடித்தாள். திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஏன் பூங்குழலி, உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அஞ்சு மாச வயித்த வெச்சுக்கிட்டு அந்த ஊசியக் கேக்கற!"

"யாருக்கு அஞ்சு மாசம்?"

"உனக்குத்தான்."

பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது. சுமதியின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"உங்க அத்தை போன செவ்வாக்கிழமை வந்தாங்க. கையில ஆரஞ்சு மிட்டாய். 'எம் மருமக மாசமா இருக்கா நர்சம்மா, நம்மகிட்டச் சொல்லாம மறைக்கறா, கண்ணு பட்டுரும்னு பயம்போல'ன்னாங்க. தீபாவளி லீவுக்கு வந்தப்பயும் தூரமாகல, இப்பயும் ஆகலயாம். பட்டாளத்து ஆஸ்பத்திரி அட்டை ஒண்ணு இருக்குதாம், அதுல ரெண்டு ஊசி போட்டிருக்குதாம்."

மலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு அது. பிள்ளை உண்டானால் ஆஸ்பத்திரியில் இரண்டு தடுப்பூசி. இரண்டாவது போட்டாகிவிட்டது என்றால் வயிறு இறங்காது, நிலைத்துவிட்டது. அட்டையில் அச்சடித்திருந்தது இந்தியும் இங்கிலீஷும். மாமியார் சென்னம்மாளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. ஆனால் பேனாவால் தேதி போட்ட இரண்டு கட்டங்களும், மூலையில் சிரிக்கிற ஒரு பெண்ணின் படமும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. ஊசியால் நின்றுபோன தீட்டையும், ஊசியால் போட்ட நான்கு கிலோ சதையையும் அதோடு கூட்டிக்கொண்டாள்.

தீட்டானால் மூன்று நாள் கொட்டகையில் தனியாகப் படுக்க வேண்டிய வீடு அது. அந்தப் பக்கமே போகாத மருமகளை ஒரு மாமியார் வேறு என்னவென்று நினைப்பாள்?

"அவங்க நினைச்சாங்க சரி. நீங்க என்ன பண்ணீங்க அக்கா?"

சுமதி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "கர்ப்பிணி நோட்டுல உம் பேரை ஏத்திட்டேன்."

"டெஸ்ட் பண்ணாமயா?"

"உன் வீட்டுக்காரரே ஆதார் நகல் கொண்டாந்து குடுத்தாரு. 'அவ கூச்சப்படறா, அப்புறமாக் கூட்டியாரேன், முதல்ல ஏத்திருங்க'ன்னாரு. மலையில பதியாத கேஸ் ஒண்ணு இருந்தாலும் மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்க கண்ணு. நாலு மாசம் தாண்டினதுன்னா இன்னும் மோசம். புருஷனே சொல்றாரேன்னு…"

ராஜதுரைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். முதல் ஊசி போட்ட அன்று போனில் அவனிடம்தான் முதலில் சொன்னாள். "நல்லது, கொஞ்ச நாள் போகட்டும்" என்றவன் அவன்.

"வேற என்ன குடுத்தீங்க?"

"ஒரு சான்று கேட்டாரு. உங்க ஆபீசுக்கு அனுப்பணும்னு. எழுதிச் சீல் வெச்சுக் குடுத்தேன்."

திரையின் அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"இப்ப டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் பூங்குழலி.

ஐந்து நிமிடம். டெஸ்ட் அட்டையில் ஒரே ஒரு கோடு. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். அதே ஒரு கோடுதான், கர்ப்பம் இல்லை.

"பாத்துட்டீங்க இல்ல? பேரை எடுங்க. ஊசியப் போடுங்க."

சுமதி குரலைத் தணித்தாள். "எப்படிக் கண்ணு எடுக்கறது? எடுத்தா காரணம் எழுதணும். மத்தவங்களுக்குப் பொறந்துச்சுன்னு எழுதியிருக்கேன், கலைஞ்சுச்சுன்னு எழுதியிருக்கேன். பொய்யா ஏத்தினேன்னு நானே எழுதினா என் வேலை போச்சு. அஞ்சு மாசம்னு நோட்டுல இருக்கிறவளுக்கு இந்த ஊசியப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா அதைவிட மோசம். என்னைத் தூக்கி உள்ளயே வெச்சிருவாங்க. நீ கீழ நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நீ இங்க வரவே இல்லை."

"நாலு பேரு உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் வரலைங்கிறீங்க."

பூங்குழலி கோடு விழுந்த அந்தச் சின்ன அட்டையைக் கேட்டாள். சுமதி அதைக் குப்பைக்கூடையில் போட்டுக் காலால் தள்ளினாள்.

வெளியே வரும்போது பெஞ்சில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவதாக இருந்த கவிதா, இவர்கள் தெருக் கோடி வீட்டுக்காரி, ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் போய்விட்டிருந்தாள்.

*

வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். ஒற்றையடிப் பாதை. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளில் ஏணி சாய்த்து ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக "பட்டாளம், எங்க போயிட்டு வர?" என்று மேலிருந்து கத்துவார்கள். இன்று யாரும் கத்தவில்லை. ஏணியில் இருந்த ஒரு பெண் அவள் வயிற்றைப் பார்த்தாள், பிறகு கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. யூனிட்டிலிருந்து ஹவில்தார் மேடம்.

"சர்ட்டிபிகேட் வந்தது, வாழ்த்து" என்றாள் அந்தம்மா இந்தியில், வாழ்த்துகிற குரலே இல்லாமல். "கோர்ஸ் லிஸ்டில் உன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். திங்கள்கிழமை காலையில் லிஸ்ட் போகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பொய் மேடம் அது. நான் கர்ப்பமாக இல்லை."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சீல் வைத்த காகிதம் இங்கே இருக்கிறது. வாயால் சொன்னால் மேலதிகாரி சாப் ஒத்துக்கொள்ள மாட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையெழுத்தோடு ஒன்று வாங்கி அனுப்பு. திங்கள் காலைக்குள்."

இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்றரை.

இந்தத் தடவை பெயர் போனால் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அப்புறம் அவள் ஆயுசுக்கும் கேட்டில் நின்று வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பட்டாளத்தில் தங்குகிற பேரக்கில் எட்டுப் பேர் ஒரு அறையில். கல்யாணமானவர்கள் மூன்று பேர். விளக்கணைத்த பிறகு அவர்கள் பேசாத பேச்சில்லை. பஞ்சாப்காரி மாத்திரை போடுகிறவள். இரவு டியூட்டி, பகல் டியூட்டி என்று மாற்றிப் போட்டதில் இரண்டு நாள் விட்டுப்போய், ஒரு மாதம் முழுக்கக் கழிவறையில் போய் அழுதாள். அஸ்ஸாம்காரிக்குக் காப்பர் டி. "வெச்சேன், மறந்தேன். பத்து கிலோமீட்டர் ஓடுறேன், அது பாட்டுக்கு அது இருக்கு" என்பாள். உறையை ராஜதுரை கல்யாணமான முதல் வாரத்திலேயே தூக்கி எறிந்துவிட்டான். ஒன்றரை வருடம் மாத்திரையில் ஓட்டியவளுக்கு, பஞ்சாப்காரியின் அழுகைக்குப் பிறகு மிச்சமிருந்தது ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முடிந்தது வேலை என்று அதைப் பிடித்துக்கொண்டாள்.

காப்பர் டி என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. முனியாயிக்கு மூன்றாவது பிரசவத்தில் கேட்காமலே வைத்து அனுப்பினார்கள். அது தெரியாமல் ஆறு வருடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டினாள் அம்மா.

ஆனால் ஊசிக்குத் தேதி இருக்கிறது. தேதிக்கு அட்டை இருக்கிறது. அட்டையை எடுத்து ஒளித்துவைக்க ஒரு கை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவள் யாரிடமாவது போய் நிற்க வேண்டும், அந்த யாராவது அவள் புருஷனுக்குச் சொந்தமாக இருப்பார்கள்.

ஓடையைத் தாண்டும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். நாமக்கல். இன்றைக்கே. கர்ப்பம் இல்லை என்று ஒரு காகிதம். கையோடு காப்பர் டி.

வீட்டில் பையை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

*

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

நேற்றுவரை மிளகு காய்ந்த களத்தில் இன்று பாய். பாயில் இருபது பெண்கள். தட்டில் பச்சை, சிவப்பு வளையல்கள். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தயிர்ச்சோறுமாக ஐந்து தூக்குப் போசிகள். அவற்றுக்குப் பின்னால், கீழ்நாட்டுத் தன் ஊரிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்த களைப்போடு முனியாயி.

கட்டுச்சோறு. மகள் மாசமானால் அம்மா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற சோறு.

"எங்கிட்டக்கூடச் சொல்லலயே சாமி" என்றாள் முனியாயி. சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். "மாப்பிள்ளைதான் போன் பண்ணிச் சொன்னாரு."

சென்னம்மாள் ஓடி வந்தாள். குட்டையான பொம்பளை. ஓடுவது அவளுக்கு வராது, ஆனாலும் ஓடி வந்தாள். மருமகளின் நெற்றி வியர்வையைத் தன் சேலையால் துடைத்தாள்.

"வெயில்ல எங்க கண்ணு போன? நிக்காத, உக்காரு. பெரியசாமிக்குக் கெடா நேந்திருக்கேன். மாசி முடியறதுக்குள்ள வெட்டிரலாம்."

இந்த மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது என்று பூங்குழலிக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. வைக்கத்தான் இடமில்லை.

"அத்தை, என் அட்டை எங்க?"

"பத்திரமா இருக்குது சாமி." சென்னம்மாள் உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள். சிரிக்கிற பெண்ணின் நெற்றியில் குங்குமம். "தெனமும் வெளக்குப் பொருத்தும்போது கண்ணுல ஒத்திக்கறேன்."

பூங்குழலி அதை வாங்கிக்கொண்டாள். "அத்தை, இது…"

"பூவு, இங்க கொஞ்சம் வா."

ராஜதுரை. பிக்கப் வண்டியின் மறைவில் நின்று கூப்பிட்டான். புதுச் சட்டை போட்டிருந்தான். அவள் போனாள்.

"உங்கம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லல. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"இல்லைன்னு சொல்லலயே."

"எதுக்குச் சொல்றது? எங்கம்மா இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா உனக்கு?" அவன் குரலில் சண்டை இல்லை. சமாதானமாகத்தான் பேசினான். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஊசியப் போடாத. லீவை நீட்டிக்க. இன்னைக்கு இல்லைன்னா ரெண்டு மாசம், மூணு மாசம், தானா வயித்துல நின்னுரும். கணக்கு முன்னப்பின்ன இருந்தா எவ வந்து எண்ணப்போறா? அம்மா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

"நின்னுரும். இப்ப இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எங்க ஆபீசுக்கு எதுக்குச் சான்று அனுப்புனீங்க?"

"கோர்ஸுக்குப் போவ. அப்புறம் எங்கயோ பனியில போஸ்டிங் போடுவான். டீக்கடையில என்ன கேக்கறானுவ தெரியுமா? 'ஏண்டா துரை, ஊட்டுக்குள்ள போக உம்பொண்டாட்டிகிட்ட பாஸ் வாங்கணுமாமா?'ன்னு கேக்கறானுவ. நானும் சிரிச்சுக்கிட்டே டீயக் குடிக்கணும்."

"அவனுககிட்ட அனுப்பியிருக்கலாமே அந்தச் சான்றை. எங்க சாப்புக்கு எதுக்கு?"

அவன் முகம் மாறியது. அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். எடுக்கக் கை நீட்டினான். அவள் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அடையாள அட்டை, லீவுச் சீட்டு, ஒரு மாற்று உடை. வெளியே வந்து பந்தலின் நடுவில் நின்றாள்.

"அத்தை, நான் சொல்றத எல்லாரும் இருக்கும்போதே கேட்டுக்கங்க. என் வயித்துல பிள்ளை இல்ல. இருந்ததும் இல்ல. அந்த அட்டையில இருக்கிறது பிள்ளை வராம இருக்கறதுக்குப் போடற ஊசி. உங்க மேல தப்பில்ல. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவரு பக்கத்துலயே நின்னுக்கிட்டு வாயத் தொறக்கல."

சென்னம்மாள் புரியாமல் மகனைப் பார்த்தாள்.

அந்த ஒரு பார்வையில்தான் எல்லாம் இருந்தது. அவன் "ஆமாம்மா, எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது. பூங்குழலி காத்திருந்தாள்.

ராஜதுரை தலையில் அடித்துக்கொண்டான்.

"பாத்தியாம்மா? காலையில எங்கயோ போனாளே, என்ன பண்ணிட்டு வந்திருக்கான்னு பாத்தியா?"

பாயில் சலசலப்பு. பின்வரிசையில் கவிதா எழுந்து நின்றாள். "ஐயோ, நான் எங்காதால கேட்டேன். ஊசி போடு, இன்னைக்கே போடுன்னு நர்சம்மாகிட்ட ஒத்தக் காலுல நின்னாளே! திரைக்குப் பின்னால அரைமணி நேரம்!"

"அஞ்சு மாசப் புள்ளையடி" என்றது ஒரு குரல்.

"அதான் வயிறு வாடிக் கெடக்குது பாரு" என்றது இன்னொன்று.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இல்லாத பிள்ளைக்கு உயிர் வந்து, மாதம் ஏறி, செத்தும்போயிற்று. சென்னம்மாள் வளையல் தட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. "பெரியசாமிக்கு நேந்திருந்தேனே" என்று மட்டும் மெல்லச் சொன்னாள், தனக்குள்ளேயே.

பூங்குழலி அவள் முன்னால் குனிந்தாள். "அத்தை, நீங்களும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் சொல்றத உங்க காதால கேளுங்க."

சென்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முனியாயி மகளின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துப் பந்தலுக்கு வெளியே இழுத்து வந்தாள். "இன்னைக்குப் போகாதடி. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீன்னா அங்கதான் கலைச்சான்னு முடிவே கட்டிருவாங்க. அந்தப் பேரு சாகற வரைக்கும் போகாது. நாலு நாளு பொறுத்துக்க சாமி."

"திங்கக்கெழமை என் பேரை அடிச்சிருவாங்கம்மா."

"அடிச்சா அடிச்சுட்டுப் போறான். வேலை இருக்குதில்ல?"

"ஊசியும் இல்லாம, கோர்ஸும் இல்லாம, இந்த ஊட்டுல நாலு நாளு படுத்துக்கச் சொல்றயா?"

முனியாயி மகளையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "அங்க போயி என்ன பண்ணப்போற?"

"காகிதம் வாங்கப்போறேன். காப்பர் டி வெச்சுக்கப்போறேன்."

"அதையா? எனக்கு வெச்சாங்களே, அந்தக் கருமத்தையா?"

"உனக்குக் கேக்காம வெச்சாங்க. நான் கேட்டு வெச்சுக்கறேன்."

முனியாயியின் விரல்கள் தளரவில்லை. பூங்குழலி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். வலிக்காமல்தான் எடுத்தாள்.

ராஜதுரை வாசல்படலைச் சாத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "போனா போ. எம்புள்ளையக் கொன்னுட்டான்னு கேஸ் குடுப்பேன். நர்சம்மா நோட்டுல பதிவு இருக்குது. சீல் வெச்ச சான்று இருக்குது. உங்க பட்டாளத்துக்காரன் கையிலயே இருக்குது. எல்லாம் இருக்குது. நீ எதக் காட்டுவ?"

"படலை விடுங்க."

"மாட்டேன்."

"ஏனுங்க," என்றாள் அவள், கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே மரியாதையோடு. "உங்களைவிடப் பெரிய ஆளுகளையெல்லாம் நான் கேட்டை விட்டு நகத்தியிருக்கேன். இருபது பேரு பாக்கறாங்க. நீங்களே நகந்தா உங்களுக்கு நல்லது."

அவன் இரண்டு நொடி நின்றான். பிறகு நகர்ந்தான். அவள் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

இரண்டரை மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வேகமாகவே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் ஒப்பாரிக்கு ராகம் எடுத்தாள். அது சென்னம்மாளின் குரல் இல்லை. அதற்கும் மேலாக ராஜதுரையின் குரல் கேட்டது, போனில், அவன் யாரிடமும் காட்டாத பணிவோடு.

"ஏனுங்க, ஸ்டேஷனுங்களா? ஒரு புகார் குடுக்கணுங்க. எம்பொண்டாட்டி பேரு பூங்குழலிங்க. இப்பத்தான் பஸ்ஸுக்குக் கெளம்பியிருக்காளுங்க… ஆமாங்க, மலைய விட்டு எறங்கறதுக்குள்ள புடிச்சரலாங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையையும் குறைக்கவில்லை.